கண்காட்சிக்குப் பழைய மாசி பெர்குசன் 35 டிராக்டர்: ஓட விடலாமா, சும்மா நிறுத்திடலாமா?

#1 பிறை_வயல்

வணக்கம். செபராங் பிறையில் ஊர்க் கண்காட்சி ஒன்றில் பழைய விவசாய இயந்திரங்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். வைக்கப்போவது இவை: மாசி பெர்குசன் 35 டீசல், ஹோவர்ட் ரோட்டவேட்டர், கேஜ் வீல் (சேற்று வயலில் புதையாமலிருக்கப் பூட்டும் இரும்புச் சக்கரம்) ஒரு ஜோடி, லிஸ்டர் என்ஜின் ஒன்று, ரப்பர் ஷீட் மெஷின் இரண்டு. டிராக்டர் பல வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது. கூரை ஒழுகும். பேட்டரி கிடையாது. சைலன்சர் வாய் திறந்தே கிடந்திருக்கிறது. டயர் நான்கிலும் காற்று இல்லை.

ஓடிக் காட்டினால்தான் கூட்டம் நிற்கும் என்கிறார் ஏற்பாட்டாளர். முதலில் எங்கே கை வைப்பது? பெயின்ட் அடிக்கலாமா, வேண்டாமா? அண்ணன்மார் சொல்லுங்கள்.

#2 மூனு_சிலிண்டர்

முதலில் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) எத்தனை என்று எண்ணுங்கள். நான்கு இருந்தால் அது ஸ்டாண்டர்ட் 23சி என்ஜின். மூன்று இருந்தால் பெர்கின்ஸ் 3.152. இரண்டும் ஒரே பானெட்டுக்குள் வந்தவைதான், ஆனால் உதிரிப்பாகம், பம்ப், ஸ்டார்ட் ஆகும் குணம் எல்லாமே வேறு.

வரிசை இப்படி: 1956ல் பெர்குசன் 35, சாம்பல் தகடும் பொன்னிற என்ஜினுமாக வந்தது. 1957 கடைசியில் சிவப்பு-சாம்பலுக்கு மாறி மாசி பெர்குசன் 35 ஆனது. டீசலில் அப்போது இருந்தது 23சி. குளிர்நாட்டில் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் பெயரைக் கெடுத்துக்கொண்டது. 1959 இறுதியில் பெர்கின்ஸ் 3 சிலிண்டர் வந்தது, 1962ல் 35எக்ஸ், 1964ல் 135. நம் ஊர் வெக்கைக்கு 23சி அவ்வளவு மோசமில்லை. பாகம் தேடித்தான் அலைய வேண்டியிருக்கும்.

பெர்கின்ஸ் என்றால் கவலை குறைவு. 91.4 மி.மீ. போர், 127 மி.மீ. ஸ்ட்ரோக், 2.5 லிட்டர். அதே வம்சத்து என்ஜினைச் சென்னையில் சிம்ப்சன் செய்தது, 1960ல் தொடங்கிய டாஃபே அதை டிராக்டரில் பூட்டியது. அதனால் கேஸ்கெட், வாட்டர் பம்ப், கிளட்ச் தட்டு போன்றவை இந்தியாவிலிருந்து சல்லிசாக வருகின்றன. பிஸ்டன், லைனர் வாங்கும்போது மட்டும் பழையதை அளந்து, புதியதையும் அளந்து பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

#3 நிபோங்_டீசல்

தம்பி, பேட்டரி வாங்கப் போகாதே. முதல்ல தண்ணி.

நம்ம ஊர்ல நின்னுபோன டிராக்டரைக் கொல்றது தேய்மானம் இல்ல, தண்ணி. அது அஞ்சு இடத்துல உட்கார்ந்திருக்கும்: சம்ப் (என்ஜின் அடியில இருக்கிற எண்ணெய்த் தொட்டி), கியர்பாக்ஸ், டீசல் டாங்கி, ஏர் கிளீனர், சைலன்சர் வழியா சிலிண்டர். இந்த அஞ்சையும் பார்க்காம சாவியத் திருப்பினா, ஒரு நிமிஷத்துல பத்தாயிரம் வெள்ளி வேலை வந்து நிக்கும்.

சம்ப் பிளக்கை மெதுவா இளக்கு. முழுசாக் கழட்டாதே. எண்ணெய்க்குக் கீழதான் தண்ணி நிக்கும், அதனால முதல்ல கசியுறது என்னன்னு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சுப் பாரு. தெளிஞ்ச தண்ணி கொஞ்சம் வந்து அப்புறம் கருப்பு எண்ணெய் வந்தா அது காத்து ஈரமோ கூரைத் தண்ணியோ. பால் ஊத்தின டீ நிறத்துல வந்தா, தண்ணியோட என்ஜின் ஓடியிருக்குன்னு அர்த்தம். ஹெட் கேஸ்கெட்டோ லைனரோ சந்தேகப்படணும்.

கியர்பாக்ஸ்ல இன்னும் மோசமா இருக்கும். 35ல கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், ஹைட்ராலிக் மூணுக்கும் ஒரே எண்ணெய்தான், முப்பது லிட்டர் பக்கம். கியர் லீவர் ரப்பர் கிழிஞ்சிருந்தா மழைத் தண்ணி நேரா உள்ள போகும். அடியில இருக்கிற பிளக் எல்லாத்தையும் கழட்டி ஒரு ராத்திரி வடிய விடு. புது எண்ணெய் ஊத்துறதுக்கு முன்னாடி மேல் மூடியத் தூக்கி ஹைட்ராலிக் பம்ப் வடிகட்டிய டார்ச் அடிச்சுப் பாரு. அங்க துரு சேறு கெட்டியாப் படிஞ்சிருக்கும். ஊத்துறது டிராக்டருக்குன்னு விக்கிற டிரான்ஸ்மிஷன்-ஹைட்ராலிக் எண்ணெய். கார் கியர் எண்ணெய் வேண்டாம்.

#4 பழைய_இரும்பு

இவ்வளவு எதுக்கு? இன்னொரு டிராக்டர்ல கயிறு கட்டி, மூணாவது கியர்ல போட்டு இழுத்தா ஓடிடும். தோட்டத்துல எல்லாம் அப்படித்தான் ஓட்டினாங்க.

#5 நிபோங்_டீசல்

நேத்து ஓடின வண்டிக்கு அது சரி. வருஷக்கணக்கா நின்ன வண்டிக்குக் கூடவே கூடாது. காரணம் சொல்றேன்.

பெர்கின்ஸ்ல இன்ஜெக்டருக்கு டீசல் தள்ளுறது சிஏவி கம்பெனியோட டிபிஏ ரோட்டரி பம்ப். உள்ள இருக்கிற ரோட்டர் மைக்ரான் கணக்குல கச்சிதமா உட்கார்ந்திருக்கும், டீசல்தான் அதுக்கு எண்ணெய். தண்ணி பட்டா ரோட்டர் தலையோட ஒட்டிக்கும். அந்த நிலையில என்ஜினை இழுத்துச் சுத்த வெச்சா பம்புக்குள்ள இருக்கிற மெல்லிசு ஷாஃப்ட் முறுக்கி ஒடியும்.

அது ஒடியலன்னா இன்னொரு ஆபத்து. பம்புக்குள்ள டீசல் அளவைக் கட்டுப்படுத்துற மீட்டரிங் வால்வு பிசின் பிடிச்சு திறந்த நிலையில ஒட்டியிருந்தா, என்ஜின் பிடிச்ச உடனே வேகம் ஏறிக்கிட்டே போகும். ஸ்டாப் குமிழை இழுத்தாலும் நிக்காது. முன்னாடி கயிறு, பின்னாடி கட்டுக்கு அடங்காத டிராக்டர். அப்போ யாரு யார இழுக்குறா?

#6 மூனு_சிலிண்டர்

சரியாகச் சொன்னீர்கள். பம்ப் சுற்றுகிறதா என்று முன்கூட்டியே பார்க்க வழி உண்டு. டிபிஏ பம்பின் பக்கவாட்டில் இரண்டு திருகுள்ள சின்னத் தகடு இருக்கும். டைமிங் குறி பார்ப்பதற்கானது. அதைக் கழற்றிவிட்டு (டீசல் ஒழுகும், அடியில் தட்டு வையுங்கள்) என்ஜினைக் கையால் சுற்றும்போது உள்ளே ரோட்டர் கூடவே நகர்கிறதா என்று பாருங்கள். நகரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திப் பம்பைக் கழற்றி டீசல் பம்ப் கடைக்கு அனுப்புங்கள். அதை வீட்டில் பிரிக்கக் கூடாது.

என்ஜினைச் சுற்றுவது எப்படி என்றால்: மூன்று இன்ஜெக்டரையும் கழற்றுங்கள். கார்பன் பிடித்து வர மறுக்கும். திரும்பு குழாயைப் பிடித்து நெம்பினால் குழாய்தான் முறியும். சுற்றிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டுவிட்டு, இன்ஜெக்டர் உடம்பை இடம் வலமாக அசைத்து எடுங்கள். துளை வழியே ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலும் ஏடிஎஃப் எண்ணெயும் (ஆட்டோ கியர் கார்களுக்கான எண்ணெய்) சரிபாதி கலந்து இரண்டு மேசைக்கரண்டி விடுங்கள். இரண்டு நாள் கழித்து, கியர் நியூட்ரலில் இருக்க, கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாக அசையுங்கள். கொஞ்சம் அசைந்தால் போதும், நாளுக்கு நாள் கூடும். குழாய் சொருகி நீட்டிய கம்பியில் ஏறி நின்று மிதிக்க வேண்டாம். வளைவது கனெக்டிங் ராடாக இருக்கும்.

முழுச் சுற்றும் லேசாக வந்த பிறகு இன்ஜெக்டர் துளை திறந்த நிலையிலேயே சுற்றி, கலவையை வெளியே தள்ளிவிடுங்கள். அது சிலிண்டருக்குள் நிற்கும்போது இன்ஜெக்டரை மாட்டினால் திரவம் அமுங்காமல் பிஸ்டனைத் தடுத்துத் திரவப் பூட்டு விழும். திரும்ப மாட்டும்போது அடியிலிருக்கும் செப்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். பழையது துளைக்குள்ளேயே தங்கியிருக்கும், அதைத் தோண்டி எடுக்காமல் இன்னொன்று போட்டால் இன்ஜெக்டர் உயரம் மாறிப் புகைக்கும்.

#7 பிறை_வயல்

நன்றி அண்ணே. இன்ஜெக்டர் மூன்று. சம்ப் பிளக்கில் கால் டம்ளர் தெளிந்த தண்ணீர், பிறகு கருப்பு எண்ணெய். ஏர் கிளீனர் கிண்ணத்தில் எண்ணெய் இல்லை, குளவிக் கூடுதான் இருக்கிறது. டாங்கியில் கருப்பாக வழவழவென்று ஏதோ படிந்திருக்கிறது. வாடை புளிப்பு.

#8 நிபோங்_டீசல்

குளவிக் கூடு ஏர் கிளீனர்ல மட்டும் இருக்காது. அங்கிருந்து மேனிஃபோல்டுக்குப் போற குழாயக் கழட்டிக் கம்பி விட்டுப் பாரு. மண் கட்டி சிலிண்டருக்குள்ள போனா லைனர்ல கோடு விழும். சைலன்சரையும் கழட்டித் தட்டு. கிண்ணத்துல என்ஜின் எண்ணெய் கோடு வரைக்கும்தான். கோட்டைத் தாண்டி ஊத்தினா என்ஜின் அந்த எண்ணெயையே உறிஞ்சி எரிக்க ஆரம்பிக்கும், அதுவும் வேகம் ஏறுற வியாதிதான்.

டாங்கியில இருக்கிறது டீசல் பூஞ்சை. தண்ணியும் டீசலும் சந்திக்கிற இடத்துல வளரும். டாங்கிய இறக்கி, சின்ன நட்டு ஒரு கைப்பிடி போட்டுக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கு. நட்டு எத்தனை போட்டியோ அத்தனையும் திரும்பி வரணும், எண்ணி வை.

#9 செம்பனை_20

இங்கே ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. இப்போது பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும் பி10 டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து வந்த பயோடீசல். 1960ல் செய்த டிராக்டருக்கு அது தெரியாது.

பயோடீசல் ஈரத்தை அதிகமாக இழுக்கும். பழைய பிசினைக் கரைக்கும். அதனால் முதல் டாங்கியில் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், ‘ஸ்டார்ட் ஆனது, இருபது நிமிஷத்தில் மூச்சு வாங்கி நின்றது’ என்பது இதனால்தான். பழைய இயற்கை ரப்பர் குழாயும் சீலும் ஊறி இளகும். பித்தளை, செப்பு, துத்தநாகப் பாகங்களோடு நீண்ட நாள் தேங்கி நின்றால் டீசலே கெடும்.

மாற்ற வேண்டியவை: டாங்கியிலிருந்து ஃபீட் பம்ப் (டாங்கி டீசலை இழுத்துத் தரும் சின்னப் பம்ப்) வரை உள்ள ரப்பர் துண்டுகள் (விட்டான் வகை கேட்டு வாங்குங்கள்), ஃபீட் பம்ப் டயாஃப்ராம், ஃபில்டர் வளையங்கள். டயாஃப்ராமை அலட்சியம் செய்யாதீர்கள். அது கிழிந்தால் டீசல் நேராகச் சம்புக்குள் இறங்கும். டிப் குச்சியில் எண்ணெய் மட்டம் ‘தானாகக் கூடுகிறது’ என்றால் அதுதான். குச்சியை முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

கண்காட்சிக்கு 5 லிட்டர் ஊற்றினால் போதும். முடிந்ததும் வடித்துவிடுங்கள். அடுத்த வருஷம் வரை டாங்கியில் பி10 நிற்கக் கூடாது.

#10 பழைய_இரும்பு

சரி, டீசல் ஊத்தியாச்சு. காத்து எடுக்கிறத யாராவது முறையாச் சொல்லுங்க. ஆளுக்கு ஆள் ஒவ்வொரு நட்ட இளக்குறானுங்க.

#11 மூனு_சிலிண்டர்

வரிசை மாறாமல் செய்தால் அரை மணி நேர வேலை.

டாங்கிக் குழாயைத் திறங்கள். ஃபீட் பம்பின் கை லீவரை அடித்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் தொங்கினால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கேம் மேட்டில் நிற்கும். என்ஜினை ஒரு சுற்றுத் திருப்பினால் லீவருக்கு உயிர் வரும்.

ஃபில்டர் தலையில் உள்ள காற்றுத் திருகை இரண்டு சுற்று இளக்கி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும் வரை அடியுங்கள். இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பில் இரண்டு இடம்: பக்கவாட்டில் ஹைட்ராலிக் தலையைப் பூட்டும் போல்ட்டின் நடுவில் உள்ள குட்டித் திருகு, பிறகு மேலே கவர்னர் மூடியில் உள்ளது. இரண்டிலும் குமிழி நிற்க வேண்டும். இவை சின்னத் திருகுகள், பலம் காட்டினால் தலை போய்விடும். பிறகு மூன்று இன்ஜெக்டர்களுக்கு வரும் டீசல் குழாய்களின் நட்டையும் ஒரு சுற்று இளக்கி, ஸ்டாப் குமிழ் உள்ளே, த்ராட்டில் முழுசாகத் திறந்த நிலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். நட்டின் ஓரத்தில் டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்குங்கள்.

ஃபில்டரில் காற்று தீரவே இல்லை என்றால் பத்தில் ஒன்பது முறை சிஏவி ஃபில்டர் வளையம்தான் குற்றவாளி. பழைய வளையம் தலையின் பள்ளத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு, உலோகத்தோடு உலோகமாகத் தெரியும். அதன் மேலேயே புதியதை வைத்து இறுக்கினால் உட்காராது. கூர்மையான ஆணி நுனியால் பள்ளத்தைக் கீறிப் பாருங்கள், நூல் போல உரிந்து வரும்.

கழற்றிய இன்ஜெக்டர் பீய்ச்சுகிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். செய்யாதீர்கள்.

#12 நிபோங்_டீசல்

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு. புது எண்ணெய், புது ஃபில்டர், 15டபிள்யூ-40 சாதாரண மினரல் போதும். ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, எண்ணெய் அழுத்த முள் அசையுற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல சுத்து. பத்து பத்து வினாடியா, நடுவுல ஓய்வு கொடுத்து. முள் அசையலன்னா டீசல் கொடுக்காதே. சூடான பிறகு வேலை வேகத்துல 30லருந்து 60 பிஎஸ்ஐ காட்டணும்.

ஏர் கிளீனர் வாய்க்கு அளவா ஒரு பலகைத் துண்டு வெட்டி கையில வெச்சுக்கோ. வேகம் ஏறினா வாயப் பலகையால அடை. கையால, துணியால வேண்டாம். துணிய உள்ள இழுத்துடும்.

ஸ்டார்ட் ஸ்ப்ரே பக்கமே போகாதே. மேனிஃபோல்டுல தெர்மோஸ்டார்ட் (குளிர்ல உள்ள போற காத்தைச் சூடாக்குறது) சூடாயிருந்தா ஸ்ப்ரே அங்கேயே வெடிக்கும். நம்ம வெக்கைக்கு ரெண்டும் தேவையில்ல. தெர்மோஸ்டார்ட் ஒழுகுதான்னு மட்டும் பாரு, ஒழுகினா அதுக்குப் போற டீசல் குழாய அடைச்சுடு.

#13 கெடா_ரெலோங்

குறுக்கே ஒரு கேள்வி. பக்கத்து ஊரில் ஃபோர்ட்சன் டெக்ஸ்டா டிராக்டர் ஒன்று தயாராகிறது. ஐடிலில் வேகம் ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறது. இதே வைத்தியமா?

#14 மூனு_சிலிண்டர்

இல்லை. தொடக்ககால டெக்ஸ்டாவில் சிம்ஸ் வரிசைப் பம்பும் காற்றழுத்தக் கவர்னரும். பம்பின் பின்புறம் தோல் டயாஃப்ராம் ஒன்று இருக்கிறது, அது காய்ந்தோ கிழிந்தோ இருக்கும். மேனிஃபோல்டிலிருந்து வரும் மெல்லிய குழாயில் ஓட்டை இருந்தாலும் இப்படித்தான் ஆடும். வெற்றிடம்தான் அந்தப் பம்பின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, அது போனால் ஸ்பிரிங் முழு டீசலைத் தள்ளிவிடும். ஆகவே குழாய் கழன்ற நிலையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

#15 பழைய_இரும்பு

பெயின்ட் பத்தி யாரும் பேசலையே. பளபளன்னு சிவப்பு அடிச்சாத்தான் மக்கள் போட்டோ எடுப்பாங்க.

#16 கெடா_ரெலோங்

அடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், உரித்த பழையது திரும்பி வராது. மிதிபலகை தேய்ந்திருப்பது, இடது மட்காப்பில் கை பிடித்த இடம் வெள்ளையாகியிருப்பது, இதெல்லாம்தான் அந்த வண்டி வயலில் வேலை செய்தது என்று சொல்லும். மழமழவென்று அடித்த டிராக்டர் கடைவாசல் பொம்மை மாதிரி இருக்கும்.

செய்ய வேண்டியது: சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் காய விட்டு, காய்ச்சிய ஆளி எண்ணெயில் டர்பன்டைன் சரிபாதி கலந்து மெல்லிசாகத் துடையுங்கள். நிறம் ஆழமாகும், துருவும் அடங்கும். சிலர் பழைய என்ஜின் எண்ணெயும் டீசலும் பூசுவார்கள். கண்காட்சிக்கு அது ஆகாது, வருகிறவர்கள் சட்டையெல்லாம் கறுப்பாகும். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

கட்டாயம் அடித்தே ஆக வேண்டும் என்றால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஈரத்தாள் கொண்டு தேயுங்கள், உலர்ந்த தேய்ப்பு வேண்டாம். எண் தகட்டையும் கிரீஸ் நிப்பிளையும் டேப் போட்டு மூடுங்கள்.

#17 பழைய_இரும்பு

பொம்மைன்னு சொல்லிட்டீங்க, வாயடைச்சுப் போச்சு. ஆனா தகடு ஓட்டை விழுந்த இடத்த என்ன பண்றது?

#18 கெடா_ரெலோங்

உள்பக்கம் தகடு வைத்துப் பற்றவைத்து, வெளியே தெரியட்டும் என்று விடுங்கள். புட்டி வேண்டாம்.

விளக்கப் பலகைக்கு வெறும் குதிரைத்திறன் மட்டும் எழுதாதீர்கள். கெடாவில் மூடா பாசனம் வந்து 1970ல் இரண்டு போகம் தொடங்கியது, அதே ஆண்டில் மாடா (மூடா வேளாண் வளர்ச்சி ஆணையம்) அமைந்தது. எருமை உழவுக்கு அவகாசம் இல்லாமல் போனது. டிராக்டர் வைத்திருந்த ஒப்பந்தக்காரர்கள் ரெலோங் கணக்கில் கூலி வாங்கி உழுதார்கள். ஒரு ரெலோங் சுமார் 0.29 ஹெக்டர். வயல் முன்போல முழுதாகக் காயாததால் அடிமண் இளகி, வண்டி புதைந்தது. கேஜ் வீல் ஏன் பூட்டினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. அலோர் ஸ்டார் பக்கம் குனோங் கெரியாங் அடிவாரத்தில் உள்ள நெல் அருங்காட்சியகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நன்றாக வரும்.

கேஜ் வீலை டயரோடு சாய்த்து வைக்காதீர்கள். பிள்ளைகள் ஏறுவார்கள், உருளும். படுக்க வையுங்கள், அல்லது முளையடித்துச் சங்கிலியால் கட்டுங்கள்.

#19 லிஸ்டர்_650

லிஸ்டர் எந்த வகை? இரண்டு பெரிய சக்கரமும் நின்ற ஒற்றை சிலிண்டரும் என்றால் சிஎஸ். 6/1 என்று தகட்டில் இருந்தால் 6 குதிரைத்திறன், 650 சுற்று. 8/1 என்றால் 850. இங்கிலாந்து டர்ஸ்லியில் செய்தது. அரிசி ஆலை, தோட்டத்து ஜெனரேட்டர் என்று எங்கும் ஓடியது. பொறுமையான என்ஜின், ஆனால் சக்கரத்துக்கு மன்னிப்பு கிடையாது.

முதலில் ஃப்ளைவீல் ஆப்பு, அதாவது அந்தப் பெரிய சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டும் ஆப்பு. ஒரு சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். ஷாஃப்டில் மயிரிழை அசைந்தாலும் ஓட்டக் கூடாது. ஓடும்போது ‘டக் டக்’ என்று கேட்பதைப் பேரிங் என்று நினைத்து ஏமாறுவார்கள், பாதி நேரம் ஆப்புதான். தளர்ந்த ஆப்போடு ஓட்டினால் சக்கரத்தின் நடுமையம் விரிசல் விடும். ஆப்புத் துளை மூலையில் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணாம்புத் தூள் பூசுங்கள். விரிசல் இருந்தால் ஈரக் கோடு தெரியும்.

குளிர்விக்க டிரம் வைப்பீர்கள். பம்ப் கிடையாது, சூடான தண்ணீர் தானே மேலே ஏறிச் சுழல வேண்டும். டிரம்மில் தண்ணீர் மட்டம் மேல் குழாய் வாய்க்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் சுழற்சி நின்றுவிடும், டிரம் குளிர்ந்தே இருக்கும், என்ஜின் கொதிக்கும். நாள் முழுக்க ஓட்டினால் ஆவியாகிக் குறையும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

கிராங்க் கைப்பிடியில் கட்டை விரலும் மற்ற நான்கு விரலும் ஒரே பக்கம். டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிப்பது) தூக்கி, சக்கரம் நல்ல வேகம் எடுத்த பிறகு லீவரை விடுங்கள். கைப்பிடி ஒட்டாமல் கழன்று வர, ஷாஃப்ட் நுனியில் கிரீஸ் தடவியிருக்க வேண்டும். சுற்றிலும் இரண்டு மீட்டராவது கயிறு கட்டுங்கள்.

#20 பால்மரம்

ஷீட் மெஷின் பற்றி நான் சொல்கிறேன் தம்பி. இரண்டு என்றால் ஒன்று வழவழப்பு உருளை, மற்றது வரி உருளை, சரிதானே? உறைந்த ரப்பர் பாலை முதலில் வழவழப்பில் நாலைந்து தடவை விட்டு, ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் குறைத்து, கடைசியில் வரி உருளையில் ஒரே தடவை. ஷீட் 3 மி.மீ. அளவுக்கு வரும். வரி அழகுக்கு இல்லை. பரப்பு கூடும், தண்ணீர் ஓடும், புகையறையில் ஷீட் ஒன்றோடொன்று ஒட்டாது.

துருவை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால் வரி மழுங்கும். மண்ணெண்ணெய்யில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் வரி வரியாகச் சுரண்டுங்கள். இடைவெளி திருகு இரண்டும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தால் ஷீட் விசிறி மாதிரி கோணும். அளவு பார்க்கப் பழைய சைக்கிள் டியூப் துண்டு இரண்டு போதும், இரண்டு ஓரத்திலும் விட்டு ஒரே அழுத்தமா என்று பாருங்கள்.

கண்காட்சியில் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுங்கள், பல்சக்கரத்தில் ஒரு போல்ட் செருகிப் பூட்டுங்கள். கைப்பிடி தொங்கினால் ஒரு பிள்ளை சுற்றும், இன்னொரு பிள்ளை விரலை விடும். செய்து காட்ட வேண்டும் என்றால் பெரியவர் ஒருவர் மட்டும், டியூப் துண்டோடு. ஆசிட், பால் எல்லாம் கூட்டத்தில் வேண்டாம்.

#21 பிறை_வயல்

அக்கா, அருமை. ரோட்டவேட்டரைப் பூட்டி ஓட்டிக் காட்டலாமா?

#22 நிபோங்_டீசல்

பூட்டி நிறுத்து, சுத்த விடாதே. அந்தக் கத்தி கூட்டத்துக்கு நடுவுல வேண்டாம். கத்தி எல்-வடிவம், இடது வலது உண்டு, யாரோ மாத்தி மாட்டியிருந்தா அப்பவே சரி பண்ணிக்கோ. ஹைட்ராலிக்ல தூக்கித் தொங்க விடாம கட்டை மேல இறக்கி வை.

வேற எதாச்சும் பிடிஓல (என்ஜின் சக்தியக் கருவிக்குக் கொடுக்கிற பின்பக்க ஷாஃப்ட்) ஓட்டுறதா இருந்தா: 35ல ஷாஃப்ட் 1 3/8 அங்குலம், 6 பல், 540 சுற்று. சாம்பல் பெர்குசன் 20ல 1 1/8 அங்குலம், அதுக்கு அடாப்டர் வேணும். 20க்கு இன்னொரு குணம், பிடிஓ லீவரைப் போட்டாத்தான் ஹைட்ராலிக்கே தூக்கும். அதுல புல்வெட்டி பூட்டினா ஓவர்ரன் கப்ளிங் (கத்தி வேகம் டிராக்டருக்குத் திரும்பாம விடுற இணைப்பு) இல்லாம ஓட்டாதே. கிளட்ச் மிதிச்சாலும் கத்தியோட வேகம் டிராக்டரைத் தள்ளிக்கிட்டே போகும். நீட்டுற ஷாஃப்ட் ரெண்டும் மூணுல ஒரு பங்காவது ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கணும், மேல பிளாஸ்டிக் உறையும் சங்கிலியும் கட்டாயம்.

#23 செம்பனை_20

நாள் முழுக்க ஐடிலில் ஓட விடாதீர்கள். டீசல் முழுசாக எரியாமல் சைலன்சரில் ஈரக் கறுப்பு வடியும், லைனர் (சிலிண்டர் உள்சுவர்) பளிங்கு போல வழவழப்பாகும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து நிமிஷம், 1000 சுற்றுக்கு மேல் வைத்து ஓட்டி நிறுத்துங்கள். பிள்ளைகளைச் சீட்டில் உட்காரவைத்துப் போட்டோ எடுக்கும் நேரத்தில் பேட்டரி கேபிள் கழன்றிருக்க வேண்டும். பக்கத்தில் உலர் தூள் தீயணைப்பான் ஒன்று.

#24 பிறை_வயல்

பேட்டரி வாங்கும்போது எந்த முனையை உடம்போடு சேர்ப்பது? பழைய கேபிளில் நிறம் போய்விட்டது. லாரியில் ஏற்றும் முறையும் யாராவது சொன்னால் நல்லது. கொட்டகை பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் பக்கம், கண்காட்சி பாலத்துக்கு இந்தப் பக்கம்.

#25 மூனு_சிலிண்டர்

12 வோல்ட். லூக்காஸ் டைனமோ உள்ள பழைய வண்டிகளில் பாசிடிவ் எர்த் (பாசிடிவ் முனை உடம்போடு சேர்வது) இருக்கலாம். பழைய கேபிள் முனைகளை அளந்து பாருங்கள், பேட்டரியின் பாசிடிவ் முனை நெகடிவைவிடச் சற்றுப் பருமன், கவ்வியும் அதற்கேற்ப இருக்கும். உடம்போடு சேரும் கேபிளின் கவ்வி பெரியதென்றால் பாசிடிவ் எர்த். யாராவது ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்தால் நெகடிவ் எர்த் ஆகியிருக்கும். மாற்றிக் கொடுத்தால் டயோடு ஒரு நொடியில் போகும்.

#26 நிபோங்_டீசல்

சாலை வரி, காப்புறுதி இல்லாத வண்டி, பாலத்துல ஓட்டுற யோசனையே வேண்டாம். லாரிதான். வெறும் 35 ஒன்றரை டன் பக்கம், லாரிக்காரருக்கு முன்னாடியே சொல்லிடு.

சரிவுப் பலகையில பின்பக்கமா ஏத்து. முன்பக்கமா ஏறினா பின்சக்கரம் பிடிச்சு முன்பக்கம் தூக்கும். இடது வலது பிரேக் மிதி ரெண்டையும் பூட்டிக்கோ. 35ல ஆக்ஸில் சீல் ஒழுகி பிரேக் லைனிங்ல எண்ணெய் ஏறியிருக்கிறது சகஜம், தரையில மிதிச்சுப் பார்த்து ஒரு பக்கம் பிடிக்கலன்னா ஓட்டி ஏத்தாதே, வின்ச் போடு.

பெல்ட் நாலு மூலைக்கும். பின்னால ஆக்ஸில் உறையில, முன்னால ஆக்ஸில் பீம்ல. ஸ்டீயரிங் கம்பியில கட்டினா வளைஞ்சு போகும். டயர்ல காத்து வெச்சுட்டுக் கட்டு, கட்டின பிறகு காத்து அடிச்சா பெல்ட் இறுக்கம் மாறும். கியர்ல விட்டு, பார்க்கிங் பிரேக் போட்டு, கொஞ்ச தூரம் போனதும் லாரிய ஓரங்கட்டி ஒரு தடவை இறுக்கு.

கடைசியா ஒண்ணு. பின்பக்கமா ஏத்தினதால டிராக்டரோட முகம் லாரி வால் பக்கம் பார்த்து நிக்கும். 35 பானெட் முன்னால கீல் போட்டுப் பின்னால கொக்கி. பாலத்துல கடல் காத்து நேரா அந்தக் கொக்கிப் பக்கம் புகுந்து பானெட்டத் தூக்கும். கொக்கிய நம்பாதே, பானெட்டச் சுத்தி ஒரு பெல்ட் போட்டுடு. அடியில துணி மடிச்சு வெச்சுக்கோ, இல்லன்னா அந்தப் பழைய சிவப்பு உரிஞ்சிடும், கெடா அண்ணன் சண்டைக்கு வருவார்.